கிழட்டு லேப்டாப்புக்குப் புது ரத்தம்

தூக்கி எறிவதா, தேற்றி எடுப்பதா? தில்லி நேரு பிளேஸ் தரும் சிகிச்சை இரண்டு சிறு துண்டுகளில் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்தச் சிகிச்சைக்கான வாசல் மெல்ல அடைபட்டு வருகிறது.

தில்லி மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் நேரு பிளேஸ் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பலரின் முதுகில் கறுப்புப் பை. பைக்குள் லேப்டாப். நிலையத்திலிருந்து சற்று தூரம் நடந்தால் மேக்தூத், ஹேம்குண்ட், தேவிகா என்று காவிய வாசனை வீசும் பெயர்களுடன் பழைய அடுக்குமாடிக் கட்டிடங்கள். நடுவே அகன்ற திறந்தவெளி. ஒரு பக்கம் துணிக்கடைகள். மறுபக்கம் பிரிண்டர் மையும் கேபிளும் கீபோர்டும் குவித்த நடைபாதைக் கடைகள். "லேப்டாப்பா, ரிப்பேரா?" என்று கேட்டபடியே கூடவே நடந்து வரும் இளைஞர்களைத் தாண்டி, இருண்ட படிக்கட்டில் ஏறினால் சிறு சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஸ்க்ரூ டிரைவர் சகிதம் ஒரு மெக்கானிக்.

வருகிறவர்கள் சொல்லும் நோய் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரொம்ப ஸ்லோ." சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பினாலும் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு கடிதத்தைத் திறந்தால் அரை நிமிடம். பிரௌசரில் நாலாவது பக்கத்தைத் தட்டினால் எல்லாம் உறைந்துவிடுகிறது. மும்பை லாமிங்டன் சாலையிலும், பெங்களூர் எஸ்.பி. சாலையிலும், கல்கத்தா சாந்தினி சௌக்கிலும், செகந்திராபாத் செனாய் டிரேட் சென்டரிலும், சென்னை ரிச்சி தெருவிலும் மொழிதான் மாறுகிறது, புகார் மாறுவதில்லை.

மாத வருமானத்தை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. கல்லூரியில் படிக்கும் மகளுக்குப் புது லேப்டாப் என்றால் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று பேச்சு எழுகிறது. பழையதோடு காலம் தள்ளலாம் என்றால் புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாளன்று அது கழுத்தறுக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களுக்கும் எதை மாற்றுவது, எதை விடுவது என்பதில் குழப்பம்.

கொரோனா காலத்துப் பிள்ளைகள்

இன்று மூச்சு வாங்கும் லேப்டாப்களில் கணிசமானவை ஒரே காலத்தில் வீட்டுக்கு வந்தவை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வகுப்பறை வீட்டுக்குள் புகுந்தது. அதுவரை கம்ப்யூட்டரே இல்லாத வீடுகளும் கடன் வாங்கியாவது ஒன்று வாங்கின. அப்போது குறைந்த விலைப் பிரிவில் பரவலாக விற்றது ஒரு குறிப்பிட்ட வகை: நல்ல புராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். பெட்டியின் மேல் '1 டிபி' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது வாங்குகிறவரின் கண்ணைப் பறித்தது. பக்கத்து அலமாரியில் 256 ஜிபி எஸ்எஸ்டி போட்ட லேப்டாப் இருந்தாலும், "அதில் கால்வாசி இடம்தானே" என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஏமாற்று வேலை என்று இதைச் சொல்ல முடியாது. இடம் எவ்வளவு என்பது பெட்டியில் எழுதப்பட்டிருந்தது. வேகம் எவ்வளவு என்பது எழுதப்படவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த முடிவின் விலையை இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகள் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். இவற்றுக்கும் மூத்த தலைமுறை ஒன்று உண்டு: 2011-இல் தமிழ்நாட்டு அரசும், 2013-இல் உத்தரப் பிரதேச அரசும் மாணவர்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கிய லேப்டாப்கள். அவற்றில் பல இன்றும் ஏதோ ஒரு தம்பியின் அல்லது தங்கையின் மேஜையில் முனகிக்கொண்டிருக்கின்றன.

மேடையும் பரணும்

லேப்டாப் ஏன் தளர்கிறது? வயதானதும் மனிதர்களைப் போல மூளை மந்தமாகிறது என்று நினைத்தால் தவறு. புராசஸர் வாங்கிய நாளில் இருந்த வேகத்திலேயே பெரும்பாலும் இருக்கிறது. கோளாறு அதற்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் இடத்தில்தான்.

ஒரு சமையலறையைக் கற்பனை செய்துகொள்ளலாம். அடுப்புப் பக்கத்தில் மேடை. கைக்கெட்டும் தூரத்தில் உப்பு, புளி, எண்ணெய். மற்ற சாமான்களெல்லாம் பரணில். ரேம் என்பது மேடை. ஹார்டு டிஸ்க் என்பது பரண். மேடை சிறியதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் ஒரு டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டு இன்னொன்றை இறக்க வேண்டும். சமைப்பவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்து என்ன பயன்? பாதி நேரம் ஏணியிலேயே போய்விடுகிறது.

4 ஜிபி ரேமில் விண்டோஸ் 10 தனக்கென்றே ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்காகவும் ஒரு பங்கு போகிறது. மிச்சத்தில் வைரஸ் தடுப்பு, பிரௌசர், வீடியோ வகுப்பு. இடம் போதாதபோது விண்டோஸ் சத்தமில்லாமல் ரேமில் இருப்பதை ஹார்டு டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. தேவைப்பட்டால் மறுபடி இழுக்கிறது. ஏணி ஏறி இறங்குவது என்பது இதுதான்.

அந்தப் பரணோ மிகவும் உயரமானது. சாதாரண லேப்டாப் ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு வட்டத்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தகவல் இருக்கும் தடத்துக்கு ஊசிமுனை போன்ற ஒரு தலை நகர்ந்து போய், தட்டு சுழன்று வரும்வரை காத்திருந்து படிக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் விநாடிக்குச் சுமார் நூறு இடங்களைத் தொட்டுவிட்டு வருவதே அதிகம். லேப்டாப் விழித்தெழும்போது பத்தாயிரம் சிறு துண்டுகளைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தால், அதற்கே நூறு விநாடி. டீ குடித்துவிட்டு வரும் ரகசியம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் கிடையாது. அது 'ஃபிளாஷ்' சில்லுகளால் ஆனது. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய நுட்பம். எந்த மூலையில் இருக்கும் தகவலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கைக்கு வருகிறது. விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகள். வித்தியாசத்தை இப்படிப் பார்க்கலாம்: ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கச் சுமார் கால் மணி நேரம்; பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கு மேல்.

ஹார்டு டிஸ்க்கை மட்டம் தட்டவும் கூடாது. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க் இயந்திரத்தில் இரண்டடி விட்டத்தில் 50 தட்டுகள். கொள்ளளவு சுமார் 5 எம்பி. இன்று ஒரு பாட்டுக்கே அது போதாது. அங்கிருந்து உள்ளங்கை அளவுக்கு 1 டிபி வரை வந்தது பெரிய சாதனைதான். மலிவாக நிறையச் சேமிக்க அது இன்றும் ஏற்றது. விண்டோஸை அதன் மேல் ஏற்றி ஓட்டுவதுதான் தண்டனை.

முதலில் நாடி பார்த்தல்

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே நோயைக் கண்டுபிடித்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் புராசஸர், மெமரி, டிஸ்க் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் உழைக்கின்றன என்று தெரியும். டிஸ்க்கின் வகை ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்பதும், ரேமுக்கு எத்தனை ஸ்லாட் என்பதும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

சும்மா இருக்கும்போதும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், மாற்ற வேண்டியது ஹார்டு டிஸ்க்கை. வழக்கமான வேலைகளைத் திறந்துவைத்திருக்கும்போது மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் பற்றாக்குறை. புராசஸரே 100 சதவீதத்தில் தவித்தால், பின்னணியில் ஏதோ வேண்டாத புரோகிராம் ஓடுகிறது. அல்லது விசிறியில் தூசி அடைத்துச் சூடு ஏறி, புராசஸர் தன்னைத் தானே வேகம் குறைத்துக்கொள்கிறது. தூசியைத் தட்டி, பசையை மாற்றினால் தீரும் நோய்க்கு எஸ்எஸ்டி வாங்குவது வீண்.

கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எதை முதலில் செய்வது? ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பானால் எஸ்எஸ்டிதான் முதலில். ரேம் குறைவாக இருந்தாலும் பரணை மேடைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்ததுபோல ஆகிவிடும். ஏற்கனவே எஸ்எஸ்டி இருந்தும் திணறினால் ரேம். சாதாரணப் படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் 8 ஜிபி போதுமானது. ஏகப்பட்ட பிரௌசர் பக்கங்கள், படத்தொகுப்பு, புரோகிராம் எழுதுவது என்றால் 16 ஜிபி. அதற்கு மேல் போடுவது வீட்டு உபயோகத்தில் பெரும்பாலும் மேடையைக் காலியாக வைத்திருப்பதுதான்.

அளவு தப்பினால் ஆபத்து

சட்டை எடுப்பதுபோலக் கண்ணளவில் எடுக்கக்கூடிய சாமான்கள் அல்ல இவை. ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று மூன்று தலைமுறைகள் புழக்கத்தில் உண்டு. லேப்டாப் ரேமில் டிடிஆர்3-க்கு 204 கால்கள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும்; ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. டிடிஆர்3-க்குள்ளேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரு வகை. 1.35 வோல்ட் மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் மற்றதைச் செருகினால் திரை இருட்டாகவே நிற்கும். வேகம் மாறுபட்ட இரண்டு ரேம்களைப் போட்டால் இரண்டும் மெதுவான துண்டின் வேகத்திலேயே ஓடும். ஒரே அளவில் ஜோடியாகப் போட்டால் இரண்டு வழிகளில் தகவல் பாயும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இது நன்றாகவே தெரியும்.

எஸ்எஸ்டியிலும் இனம் பார்க்க வேண்டும். பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காருவது இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி. அதன் உச்ச வேகம் விநாடிக்குச் சுமார் 550 எம்பி. சூயிங்கம் துண்டு போலிருப்பது எம்.2 வகை, '2280' என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அதிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரு சாதி. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்றை ஏற்கும் லேப்டாப் மற்றதை ஏற்காமல் போகலாம். என்விஎம்இ ரகத்தின் வேகம் விநாடிக்கு 3,500 எம்பி, 7,000 எம்பி என்று விளம்பரம் செய்யப்படுகிறது. ஆனால் வீட்டு வேலைகளில் ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்குத் தாவுவதுதான் பெரிய பாய்ச்சல்; சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்குப் போவது அதன்மேல் ஒரு சின்ன எட்டு.

பழைய ஹார்டு டிஸ்க்கை வீசிவிட வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டால் படங்களும் பாடங்களும் சேமிக்க வெளி டிஸ்க் தயார். டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப்பானால், அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு 'கேடி' வைத்து அதற்குள் ஹார்டு டிஸ்க்கைச் செருகுவார்கள். அப்போதும் 9.5 மில்லிமீட்டரா, 12.7 மில்லிமீட்டரா என்று தடிமன் பார்த்து வாங்க வேண்டும்.

கடைக்காரர் சொல்லாதவை

நேரு பிளேஸ் போன்ற சந்தையின் பலமும் பலவீனமும் ஒன்றே: எல்லாம் கிடைக்கும். அசல், போலி, பெட்டி பிரிக்காதது, வேறொரு லேப்டாப்பிலிருந்து பிடுங்கியது எல்லாம் ஒரே கண்ணாடி அலமாரியில் தோளோடு தோள் உரசி நிற்கும். சிறிய சில்லை வைத்துக்கொண்டு 1 டிபி என்று கம்ப்யூட்டரிடமே பொய் சொல்லும் எஸ்எஸ்டிகள் சந்தையில் உண்டு. உண்மையான கொள்ளளவு தீர்ந்ததும் அவை பழைய தகவலின் மேலேயே புதியதை எழுதும். புகைப்படங்கள் திறக்காதபோதுதான் குட்டு வெளிப்படும். டிஸ்க் முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திருப்பிப் படித்துச் சரிபார்க்கும் இலவசப் புரோகிராம்கள் இருக்கின்றன. ஜிஎஸ்டி பில், வாரண்டி எண், கம்பெனித் தளத்தில் அந்த எண் பதிவாகிறதா என்ற சோதனை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குகிறவருக்குப் பயம் குறைவு.

பழைய ரேம் வாங்கலாமா? வாங்கலாம். அசைகிற பாகம் இல்லாததால் அது எளிதில் தேய்வதில்லை. ஓர் இரவு முழுக்கச் சோதனை ஓட்டிப் பார்த்தால் போதும். டிடிஆர்3 ரகத்துக்குப் பல நேரங்களில் அதுதான் வழி. பழைய எஸ்எஸ்டி அப்படியல்ல. ஒவ்வொரு எழுத்தும் அதன் ஆயுளைக் கொஞ்சம் தின்கிறது. 240 ஜிபி அளவுள்ள பல மாடல்களுக்கு 80 டிபி வரை எழுதலாம் என்று கம்பெனிகள் உறுதி தருகின்றன. தினமும் 20 ஜிபி எழுதினாலும் அது தீரப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். ஆகவே புதிதாக வாங்குகிறவருக்குக் கவலை இல்லை. முந்தைய உரிமையாளர் எவ்வளவு எழுதித் தீர்த்தார் என்பதுதான் கேள்வி. அதையும் டிஸ்க்கே தன் ஆரோக்கியக் குறிப்பில் பதிந்து வைத்திருக்கும். கடைக்காரர் அதைக் காட்டத் தயங்கினால் நடையைக் கட்டுவது நல்லது.

விலையும் நிலையாக நிற்பதில்லை. 2023-இல் 240 ஜிபி எஸ்எஸ்டி சுமார் 1,500 ரூபாய்க்கும், 8 ஜிபி டிடிஆர்4 ரேம் சுமார் 2,000 ரூபாய்க்கும் கிடைத்தது. அன்று ஒரு லேப்டாப்பைத் தேற்ற நாலாயிரம் ரூபாய் தாராளம். 2025-இன் கடைசி மாதங்களில் கதை தலைகீழானது. உலகின் ரேம் உற்பத்தியில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான பிரம்மாண்டக் கம்ப்யூட்டர் மையங்கள் விலை பாராமல் மெமரியை அள்ள, மூன்றும் அந்தப் பக்கம் திரும்பின. சில்லறைக் கடைகளில் ரேம் விலை சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. 2025 டிசம்பரில் மைக்ரான் தனது 'குரூஷியல்' என்ற பிரபல சில்லறை பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. அமெரிக்காவில் எங்கோ ஓடும் இயந்திரத்துக்காக, கான்பூர் மாணவியின் பழைய லேப்டாப் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

உயிர் எதில் இருக்கிறது?

லேப்டாப்பில் விலைமதிப்பற்றது எந்தப் பாகமும் அல்ல, அதிலுள்ள தகவல்தான். மூன்று வருட ஆய்வுக் குறிப்பு, காலமான தந்தையின் புகைப்படங்கள், சிறு வியாபாரியின் கணக்கு. டிஸ்க்கை மாற்றும் முன் இவற்றை வேறொரு இடத்தில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு அடுத்ததுதான் ஸ்க்ரூ டிரைவர்.

பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கும் 'குளோனிங்' சுலபம்: புரோகிராம்கள், பாஸ்வேர்டு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் பல ஆண்டுக் குப்பையும், வைரஸ் இருந்தால் அதுவும், கூடவே குடி வரும். புதிதாக விண்டோஸ் ஏற்றுவது ஒரு நாள் வேலை; பலன் சுத்தமானது. பல லேப்டாப்களில் பிட்லாக்கர் என்ற பூட்டு உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கும். அதன் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைக்காவிட்டால் சொந்த வீட்டுக்கு வெளியே நிற்க நேரிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் உள்ளே கைவைப்பதும், குளிர்காலத் தில்லியில் கம்பளி ஸ்வெட்டரோடு ரேமைத் தொடுவதும் வேண்டாத சாகசங்கள். உடலில் சேரும் நிலைமின்சாரமே சில்லைக் கொல்லப் போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஹார்டு டிஸ்க் சாகும் முன் பல நேரங்களில் டக் டக் என்று சத்தம் எழுப்பி, படிக்கத் தடுமாறி, முன்னறிவிப்புத் தரும். எஸ்எஸ்டி பையில் குலுங்கினாலும் பாதிக்கப்படாது. ஆனால் போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் போகும் வழக்கம் அதற்கு உண்டு. தகவலை மீட்பதும் கடினம். வேகம் கிடைத்த சந்தோஷத்தில் நகலெடுக்கும் பழக்கத்தை விட்டவர் ஒரு நாள் அழ வேண்டிவரும். கழற்றிய பழைய டிஸ்க்கை விற்பதானால் அதை முழுவதும் அழித்துவிட்டு விற்க வேண்டும். ஃபைல்களை டெலீட் செய்வது அழிப்பது ஆகாது. அது பெயர்ப் பலகையைக் கழற்றுவது மட்டுமே.

விண்டோஸ் வைத்த கெடு

வன்பொருள் தேறிவிட்டாலும் இன்னொரு முட்டுக்கட்டை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் நீட்டிப்பும் அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11-க்கு மாற, இன்டெல் புராசஸரானால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பது நிபந்தனை.

இங்கேதான் கொரோனா காலத்து லேப்டாப்களுக்கு அதிர்ஷ்டம். அவற்றில் பல பத்தாம் தலைமுறை புராசஸர் கொண்டவை. விண்டோஸ் 11 கேட்கும் தகுதி உண்டு, வேகம்தான் இல்லை. ஓர் எஸ்எஸ்டியும் ஒரு 4 அல்லது 8 ஜிபி ரேமும் சேர்த்தால் இன்னும் சில ஆண்டுகள் கௌரவமாக ஓடும். மேம்படுத்தலில் போடும் ரூபாய்க்கு அதிகப் பலன் தருவது இந்த வகைதான். எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றுக்கு லினக்ஸ் என்ற மாற்று வழி இருக்கிறது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் கற்கிறார்கள். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் உண்டு. ஆனால் டாலி கணக்கோ, வேறு விண்டோஸ் புரோகிராமோ இல்லாமல் பிழைப்பு ஓடாது என்பவர்கள் யோசித்துத்தான் மாற வேண்டும்.

எல்லா நோயாளியையும் பிழைக்க வைக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கீல் உடைந்து, பேட்டரி உப்பி, கீபோர்டில் பாதி எழுத்து வேலை செய்யாத லேப்டாப்பில் புது ரேம் போடுவது இடிந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. அதை உடனே கழற்றிவிட வேண்டும். மொத்தச் செலவு, அதே தரத்தில் ஒரு பழைய லேப்டாப் வாங்கும் விலையில் பாதியைத் தாண்டினால் கைகழுவுவதே புத்திசாலித்தனம். பெரிய கம்பெனிகள் கழித்துக்கட்டும் அலுவலக மாடல்கள் நேரு பிளேஸில் வரிசையாக நிற்கின்றன. அவை கனமானவை, அழகற்றவை. ஆனால் பலவற்றில் பின்மூடியைக் கழற்றினால் ரேம் ஸ்லாட்டும் டிஸ்க்கும் கைக்கெட்டும்.

ஒட்டிப் போட்ட காலம்

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வருங்காலத்தின் சிக்கல் ஒளிந்திருக்கிறது. 2008-இல் வந்த ஆப்பிளின் மெக்புக் ஏர் ஒரு காகித உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டப்பட்டபோது உலகம் அதன் மெலிவைக் கண்டு வியந்தது. அதன் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. பின்னர் அதுவே நாகரிகமாகி, மற்ற கம்பெனிகளுக்கும் பரவியது. இப்படிச் செய்வதற்கு நியாயமான காரணமும் உண்டு: சில்லு புராசஸருக்கு அருகில் இருந்தால் மின்சாரம் குறைவாகச் செலவாகும், வேகம் கூடும். ஆனால் விளைவு என்ன? வாங்கும் நாளில் 8 ஜிபி என்றால் சாகும் நாளிலும் 8 ஜிபி. பின்னால் பணம் சேரும்போது கூட்டிக்கொள்ளலாம் என்ற நடுத்தர வர்க்கக் கணக்கு அங்கே செல்லாது. கழற்றி மாட்டக்கூடிய, அதே சமயம் மெல்லிய புதுவகை மெமரிக்கான வரையறை 2023 டிசம்பரில் வெளியானது. 2024-இல் ஒரு சில விலையுயர்ந்த லேப்டாப்களில் அது தலைகாட்டியது. மலிவு விலை மாடல்களுக்கு இறங்கி வந்தால்தான் அதனால் பயன்.

இது ஒரு குடும்பத்தின் பணப்பையோடு முடியும் விஷயமும் அல்ல. ஐ.நா. ஆதரவுடன் வெளியான கணக்கெடுப்பின்படி 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைக் கொட்டியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே. இந்தியாவில் அந்த மிச்சத்தின் ஒரு பகுதி போய்ச் சேரும் இடம் நேரு பிளேஸிலிருந்து யமுனையைத் தாண்டி இருக்கும் சீலாம்பூர். அங்கே சந்துகளில் மதர்போர்டுகள் சுத்தியலாலும் நெருப்பாலும் அமிலத்தாலும் பிரிக்கப்படுகின்றன. செம்பும் தங்கத் துகளும் வியாபாரிக்கு. ஈயப் புகை பிரிப்பவரின் நுரையீரலுக்கு. ஒரு லேப்டாப் தன் ஆயுளில் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் கெடுதலில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே நடந்துவிடுகிறது. எனவே இருப்பதை மூன்றாண்டு கூடுதலாக ஓட்டுவதே பெரிய சேமிப்பு.

அரசும் இதை உணராமல் இல்லை. உற்பத்தியாளர்களுக்கு மறுசுழற்சிப் பொறுப்பை விதிக்கும் புதிய மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. 'பழுது பார்க்கும் உரிமை'க்கென்று நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. ஒரு பொருளை எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் திட்டத்தைப் பரிசீலித்த குழு 2025 மே மாதத்தில் அறிக்கை கொடுத்தது. குளிர்சாதனப் பெட்டியில் நட்சத்திரம் பார்த்து வாங்கக் கற்றுக்கொண்ட இந்தியர், லேப்டாப்பிலும் அப்படி ஒரு மதிப்பெண் பார்த்து வாங்கும் நாள் வந்தால் நல்லதுதான்.

அதுவரை வாங்குகிறவரே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த லேப்டாப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நிறம், எடை, திரையின் பளபளப்பு எல்லாம் பார்த்து முடித்த பிறகு விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வி மிச்சமிருக்க வேண்டும்: "இதில் ரேமையும் டிஸ்க்கையும் பின்னால் மாற்ற முடியுமா?" முடியாது என்று பதில் வந்தால், இன்று கொடுக்கும் விலை முழு விலை அல்ல. மீதியை ஐந்தாண்டு கழித்து, முழு லேப்டாப்பின் விலையாகக் கட்ட வேண்டிவரும்.